லைன் வீட்டில் ஒரு ஜெர்மன் கம்பெனி

நைனாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததைத் தம்பி போனில் சொன்னபோது நான் ஜெர்மனியில் ஒரு டிராமில் நின்றுகொண்டிருந்தேன். "வலது கையும் காலும் வரலக்கா. பேச்சு குழறுது. ஆனா ஆளத் தெரியுது," என்றான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஒரு பேக்கரி வாசலில் ஒதுங்கி நின்று என் மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முதலில் கிளம்பு. அப்பாதான் முக்கியம். வேலையை அங்கிருந்தே பார்த்துக்கொள், எவ்வளவு நாள் வேண்டுமானாலும்," என்றார். எதிரே இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற ஸ்கேன் படங்களைச் சேமித்து வைத்து, டாக்டர் எந்த அறையில் இருந்தாலும் அவர் திரையில் காட்டுகிற மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. பெரிய கம்பெனி இல்லை. ஆசியாவில் உள்ள ஆஸ்பத்திரிகளோடு விலை பேசி, ஒப்பந்தம் முடித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தப் பிரிவுக்கு அப்போது நான்தான் தலைமை. கல்யாணம் செய்து, சரிவராமல் விலகி, பல வருஷமாகத் தனியாக இருந்தேன். அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பிக்குப் பெங்களூரில் வேலை. ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். ஆகவே வரவேண்டியது நான்தான். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டும்போல இருந்த நாட்கள் உண்டு.

எங்கள் வீடு சாம்பியன் ரீப்ஸில், பெங்களூருக்குக் கிழக்கே தங்கச் சுரங்கம் இருந்த ஊர். சுரங்கத்து ஆட்களுக்காக வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டிவிட்டுப் போன லைன் வீடுகளில் ஒன்று. ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, பின்னால் நைனா தன் கையால் சேர்த்துக் கட்டிய சமையல்கட்டு. சுரங்கத்தை மூடியபோது குடியிருப்பவர்களுக்கே வீட்டை எழுதித் தருவதாகப் பேச்சு நடந்தது. எங்கள் லைனுக்கு இன்னும் பத்திரம் வந்தபாடில்லை. முன்னறையில் நைனாவின் கட்டில். அதற்கு எதிர்ச் சுவரோரம் அம்மாவின் தையல் மிஷினை நகர்த்திவிட்டு ஒரு மேசை போட்டேன். பக்கத்து ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு கேபிள்காரர் வந்து இன்டர்நெட் இழுத்துக் கொடுத்தார். கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி வாங்கினேன். காற்றுக் காலத்தில் சன்னலைத் திறக்க முடியாது. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்துகிடக்கிற சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் பொடி பறந்து வந்து லேப்டாப் மேல் படியும். ஒரு மேசை, இன்டர்நெட், பேட்டரி, வெளிநாட்டு வேலைக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அங்கே ஆபீஸ் திறக்கும்போது இங்கே மதியமாகிவிடும். அதனால் காலை முழுக்க நைனாவுக்கு. குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பிசியோதெரபி செய்கிற பெண் வந்து கையையும் காலையும் நீட்டி மடக்கிவிட்டுப் போன பிறகு மேசைக்கு வருவேன். நைனா சுரங்கத்தில் பிட்டராக இருந்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி ஒவ்வொரு லெவலாகப் பம்ப்பைக் கழற்றி மாட்டினவர். தன் சட்டைப் பொத்தானை மகள் போட்டுவிடுவது அவருக்குத் தாங்கவில்லை. முதல் மாதங்களில் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு குழறியதால் பாதி திட்டு புரியாது. புரியாத பாதிக்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்வார்.

வேலை என்னவோ முன்னைவிட நன்றாக நடந்தது. இங்கேயே இருந்ததால் தம்பிக்கு ஷிப்ட் இல்லாத நாட்களில் அவனை வீட்டில் உட்காரவைத்துவிட்டு பெங்களூருக்கும் சென்னைக்கும் போய் ஆஸ்பத்திரி நிர்வாகிகளை நேரில் பார்க்க முடிந்தது. ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பியும் நகராத இரண்டு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமங்கள் அந்த வருஷமே கையெழுத்துப் போட்டன. கம்பெனி சார்பில் நான் போட்டேன், அந்த மேசையில், நைனா மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது. அடுத்த கூட்டத்தில் மேலாளர் எல்லாருக்கும் முன்னால் என் முகத்தைப் பெரிய திரையில் போட்டு, "இவள் அங்கே போனது நமக்கு அதிர்ஷ்டம்," என்றார். எல்லாரும் கிளாஸைத் தூக்கினார்கள். நானும் டம்ளர் காப்பியைத் தூக்கினேன்.

அதற்கடுத்த கோடையில் எங்கள் கம்பெனியில் பங்கு வாங்க ஒரு பெரிய நிறுவனம் வந்தது. பணம் போடுகிறவர்கள் முதலில் வக்கீல்களை அனுப்பி எல்லாவற்றையும் கிளறிப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, எந்த ஊழியர் எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பது. கம்பெனியில் ஒருவரிடமும் அதற்குச் சரியான பதில் இல்லை. தேடியதில் நான் அகப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டார்கள். மேலாளர் இருந்தார். கூடவே கம்பெனி புதிதாக அமர்த்திய வரி ஆலோசகர், நரைத்த முடி வைத்த ஒரு அம்மாள். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"நீங்கள் வேலை செய்யும் இடம் தனி அறையா?"

"இல்லை. அப்பாவும் அதே அறையில்தான் இருக்கிறார்."

"மேசையும் இன்டர்நெட்டும் யார் செலவு?"

"மேசை என்னுடையது. இன்டர்நெட் பில்லைக் கம்பெனி தருகிறது."

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சலுகையை அவராகவே முன்வந்து செய்திருந்தார்.

"வீடு யாருடையது?"

நைனாவே அந்தக் கேள்வியோடு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியிருப்பார்! "அதில் ஒரு தகராறு இருக்கிறது," என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

"இந்திய ஆஸ்பத்திரிகளோடு விலை பேசியது யார்?"

"நான்."

"கையெழுத்து?"

"நான்தான். இங்கிருந்துதான்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாக விளக்கினார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் இந்தியாவில் இருந்துகொண்டு, கம்பெனியின் பேரில் திரும்பத் திரும்ப ஒப்பந்தம் முடித்தால், அந்தக் கம்பெனிக்கு இங்கே ஒரு பர்மனென்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட் இருக்கிறது என்று வருமான வரித்துறை சொல்லலாம். அதாவது, போர்டு மாட்டாவிட்டாலும் இங்கே நிலையாகக் கடை விரித்ததாக அர்த்தம். அப்படிச் சொல்லிவிட்டால் இந்தியாவில் வந்த லாபத்துக்கு இங்கே வரி கேட்பார்கள். கட்டாமல் விட்ட காலத்துக்கு வட்டியும் அபராதமும் கேட்பார்கள். இது தவிர, அரை வருஷத்துக்கு மேல் நான் இங்கே தங்கிவிட்டதால் என் சம்பளத்துக்கு இங்கே வரி பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். அதற்குக் கம்பெனிக்கு இங்கே ஒரு பதிவு எண்கூடக் கிடையாது. என் ஓய்வூதியப் பிடித்தம் எந்த நாட்டில் போகவேண்டும் என்பதையும் யாரும் பார்க்கவில்லை.

"நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றார் அந்த அம்மாள். "உங்களை அனுப்புவதற்கு முன்னால் என்னைப் போல ஒருவரைக் கேட்டிருக்க வேண்டும். கையெழுத்து அதிகாரத்தை மட்டும் ஜெர்மனியில் இன்னொருவரிடம் மாற்றி, சம்பளத்துக்கு இந்தியாவில் பதிவு செய்திருந்தால் ஆபத்தில் பெரும்பகுதி வந்திருக்காது. ஒரு வாரத்து வேலை."

அவருக்கு நன்றி சொல்லி மேலாளர் அழைப்பை முடித்துவிட்டார்.

நான் லேப்டாப்பை மூடியதும் கட்டிலில் இருந்து நைனா கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் அங்கங்கே பிடிபடும். "இன்னா பாப்பா, பர்மனென்ட் பர்மனென்ட்னு சொல்லிக்கினு கீது அந்தம்மா? உன்ன பர்மனென்ட் பண்ணிட்டாங்களா?"

சுரங்கத்தில் பதிலி ஆளாகச் சேர்ந்து பர்மனென்ட் ஆகும்வரை பட்டதை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தைக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

"இல்ல நைனா. நம்ம ஊடுதான் அவங்க ஆபீஸுன்னு கவர்மென்ட் சொல்லிடுமோன்னு பயப்படறாங்க."

"நம்ம ஊடா?" சுவரையும் கூரையையும் ஒருதரம் பார்த்தார். கோணிப்போன வாயோடு சிரித்தார். ஸ்ட்ரோக் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "நமக்கே எழுதித் தரல. அவனுக்கு எப்டி எழுதித் தருவான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுவாரம் மேலாளர் தனியாகப் பேசினார். மூன்று வழி சொன்னார். ஒரு மாதத்துக்குள் ஜெர்மனிக்குத் திரும்பலாம். இல்லையென்றால் ராஜினாமா. இரண்டும் வேண்டாமென்றால், பெங்களூரில் ஆள் சப்ளை செய்கிற ஒரு நிறுவனத்தின் கணக்கில் என்னை வைத்து, எங்கள் கம்பெனிக்கு உதவியாளராக வேலை பார்க்கலாம். பதவி கிடையாது. விலை பேசக் கூடாது, ஆஸ்பத்திரிக்காரர்களை நேரில் பார்க்கக் கூடாது. சம்பளம் இந்த ஊர்ச் சம்பளம். என் இடத்துக்கு ஜெர்மனியில் ஒரு பையனைப் பார்த்துவிட்டார்கள்; அவனுக்கு எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அவருக்குப் பின்னால் நீல வானமும் ஒரு எலுமிச்சை மரமும் தெரிந்தன. வருஷத்தில் பாதி நாள் அவர் ஸ்பெயினில் உள்ள தன் வீட்டிலிருந்துதான் வேலை செய்வார். அது எல்லாருக்கும் தெரியும்.

"நீயும் வேறு நாட்டில்தானே இருக்கிறாய்?" என்றேன். நாங்கள் ஆங்கிலத்தில் பேர் சொல்லிப் பேசிக்கொள்கிறவர்கள்.

"அது வேறு. அது ஐரோப்பா."

"ஸ்பெயினில் வரி ஆபீஸ் இல்லையா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "இதை உன்னைப் பற்றியதாக எடுத்துக்கொள்ளாதே. இது வெறும் ரிஸ்க்," என்றார். ஒன்பது வருஷம் கூட வேலை பார்த்த மனிதர். என் முதல் குளிர்காலத்தில் அவர் மனைவி எனக்குத் தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்தாள். இப்போது என்னை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

திரும்பிப் போகத்தான் முதலில் பார்த்தேன். தம்பியும் அதையேதான் சொன்னான். "நீ போக்கா. இன்னும் எத்தினி நாள் குந்திக்கினு இருப்ப? ஆள் வச்சிக்கலாம், ஞாயித்துக்கிழமைக்கு நான் வந்துடறேன்." ஒரு ஆள் கிடைத்தார். நல்லவர். அவரிடம் நைனாவை விட்டுவிட்டு, பழகட்டும் என்று நான் தம்பி வீட்டில் போய் இருந்தேன். போன ஐந்தாம் நாள் நைனா பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அந்த ஆள் மேல் தப்பில்லை. வேற்றாள் முன்னால் உட்கார வெட்கப்பட்டு, நைனாதான் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் நைனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெர்மனிக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன்.

அப்புறம் உதவியாளர் வேலைக்கே சம்மதம் என்று எழுதினேன். ஒப்பந்தத்தோடு இன்னொரு தாள் வந்தது. அதில் நான் சொல்வதாக இரண்டு விஷயம் எழுதியிருந்தார்கள். ஒன்று, நான் இந்தியாவில் தங்கியது முழுக்க என் குடும்பத் தேவைக்காக, கம்பெனி சொல்லி இல்லை என்பது. அது உண்மை. இன்னொன்று, இங்கே இருந்த காலத்தில் கம்பெனி சார்பாக எந்த ஒப்பந்தமும் பேசவோ முடிக்கவோ இல்லை என்பது.

அந்த வரி ஆலோசக அம்மாளுக்குப் போன் செய்து கேட்டேன். "அந்தத் தாளை நான் எழுதவில்லை. நடக்காததில் கையெழுத்துப் போடாதீர்கள்," என்றார். சட்டென்று, "உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?" என்றும் கேட்டார். அந்த முழு விவகாரத்தில் கம்பெனிப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

நான் பெரிய அரிச்சந்திரி ஒன்றுமில்லை. வேலை போகாமல் இருக்க இதைவிடப் பெரிய பொய் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன், குறை சொன்னதும் இல்லை. ஆனால் அந்த இரண்டு ஒப்பந்தமும் நான் அலைந்து, காத்துக்கிடந்து, பேசி முடித்தவை. அவற்றுக்காகத்தான் கிளாஸைத் தூக்கினார்கள். அதை நானே நடக்கவில்லை என்று எழுதித் தரவேண்டும் என்றால் மனசு ஒப்பவில்லை. இரண்டாவது வரியை அடித்துவிட்டு மற்றதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நான்கு நாள் பதில் இல்லை. பிறகு உதவியாளர் வேலை இப்போதைக்கு இல்லை என்று மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மேலாளர் ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்று மாலையே என் லேப்டாப் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. இன்டர்நெட் மட்டும் அந்த மாதம் முடியும்வரை ஓடிக்கொண்டிருந்தது.

நைனாவிடம் மறைக்க முடியவில்லை. மத்தியானத்தில் நான் மேசைக்குப் போகாததைக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டுவிட்டார்.

"வேல பூட்ச்சா?"

"ம்."

"என்னாலயா?"

"இன்னா நைனா நீ. கம்பெனியவே மூடிட்டாங்க."

"எத்தினி பேருக்குப் போச்சி?"

"எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும்னா பரவால்ல," என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது. கம்பெனி மூடுவது அவருக்குத் தெரிந்த கஷ்டம். சுரங்கத்துக் கேட்டை மூடினார்கள், எல்லாரும் வெளியே வந்தார்கள், யாரும் யாரையும் பார்த்து வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு யாராவது நலம் விசாரிக்க வந்தால், "பாப்பா கம்பெனிய மூடிட்டான்மா, வெள்ளக்காரன் எப்பவும் இப்டித்தான்," என்று அவரே சொல்லுவார். நான் தலையாட்டுவேன். எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் போனது என்பதை அவர் தெரிந்துகொள்ளாமலே அந்த மழைக்காலம் முடியும்போது இறந்துபோனார்.

அதற்குள் ஜெர்மனியில் தங்க எனக்கிருந்த அனுமதியும் காலாவதியாகிவிட்டது. வேலையும் இல்லாமல் இவ்வளவு காலம் வெளியே இருந்தால் அப்படித்தான். அங்கே குடியிருந்த வீட்டை ஒரு தோழி காலி செய்து கொடுத்து, என் புத்தகங்களையும் ஒரு குக்கரையும் பெட்டியில் போட்டு அனுப்பினாள். ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாட்டிலும் நான் கட்டிய வரியில் திரும்ப வரவேண்டியதற்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

காரியம் எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து, கம்பெனி பெங்களூரில் முறையாகப் பதிவு செய்து ஆபீஸ் திறந்த செய்தியைப் பார்த்தேன். பங்கு வாங்கியவர்களின் பணம். அவர்களுடைய இணையப் பக்கத்தில், இந்தியாவில் எங்கள் முதல் வாடிக்கையாளர்கள் என்று அந்த இரண்டு ஆஸ்பத்திரிகளின் படங்களும் இருந்தன. திறப்பு விழாவுக்கு வந்த மேலாளர், மதியம் சாப்பிடலாம் வா என்று கூப்பிட்டார். போயிருக்கக் கூடாது. போனேன்.

கிழடு தட்டியிருந்தார். நைனாவுக்காக வருத்தம் தெரிவித்தார். சாப்பாடு வந்ததும், "இப்போது வரிப் பிரச்சினை எதுவும் இல்லை. நீ இங்கேயே சேர்ந்துவிடலாம்," என்றார்.

"என்ன வேலை?"

பழைய வேலையில் பாதி. எனக்கு மேலே அந்த ஜெர்மன் பையன், நான் சொல்லிக் கொடுப்பதற்காக வைத்திருந்தவன். அவன் பெங்களூருக்கே மாறி வந்துவிட்டானாம். வீடு, கார் எல்லாம் கம்பெனி செலவு.

"அவனை அனுப்புவதற்கு முன்னால் வரி ஆலோசகரைக் கேட்டீர்களா?"

"நிச்சயமாக. இரண்டு பேரைக் கேட்டோம்."

"என்னை அனுப்பும்போது?"

முள்கரண்டியை வைத்தார். "நான் உனக்கு உதவத்தான் பார்த்தேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நீதான் ஒப்பந்தம் எழுதுகிறவள். நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று கேட்ட நிமிஷத்தில், தெருவில் நின்றுகொண்டு, நம் கம்பெனிக்கு இந்தியாவில் வரி வந்துவிடுமா என்று நான் அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் அது என் கவனக்குறைவு. இதை அவர் தன் மனைவிக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார், அவளும் என்னை நினைத்துப் பரிதாபப்பட்டிருப்பாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். ரயிலில் பங்காரப்பேட்டை வரைக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆபீஸ் முடிந்து திரும்புகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நின்றபடியே தூங்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் இரண்டு வரியில் மறுத்து எழுதினேன்.

இப்போது பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ரயில். ஜெர்மன்காரர்கள் தரும் சம்பளத்தில் பாதிகூட வராது என்று தம்பிக்குத் தெரியும். வருகிற ஞாயிறெல்லாம் அதைப் பேசாமல் போகமாட்டான்.

"அந்த எடம் இன்னும் காலியாத்தான் கீதாம். கோவத்துல வுட்டுட்டு அப்புறம் வருத்தப்படாதக்கா. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் போய்ச் சேந்துடு."

சரி, பார்க்கலாம் என்று சொல்லி அவனுக்கு இன்னொரு தோசை போட எழுந்துவிடுவேன். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு ஆறவில்லை.